காதுக்கு ஒரு தேர்வு: இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் இசை வழியாக இடம் பெறுவது

இங்கிலாந்தில் பிள்ளை இயர் 5 (ஒன்பது, பத்து வயதில் படிக்கும் வகுப்பு) முடிக்கும் காலம் வந்தால் வீட்டில் பேச்சு முழுக்க, பதினோரு வயதில் சேரும் செகண்டரி ஸ்கூல்தான். எந்தப் பள்ளி, எவ்வளவு தூரம், அக்காவோ அண்ணாவோ ஏற்கெனவே அங்கே படிக்கிறார்களா, ஆலயத்தோடு இணைந்த பள்ளியா, லெவன் பிளஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா என்றெல்லாம் அலசுவோம். இந்தக் கணக்குகளில் பல பெற்றோரின் கண்ணில் படாமலே போகும் ஒரு வழி உண்டு. இசையைக் கற்றுக்கொள்ளும் இயல்பு இருக்கிறதா என்று பார்த்து, அதன் அடிப்படையில் சில இடங்களைக் கொடுக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் இல்லாத, சாதாரண அரசுப் பள்ளி இடங்கள்தான் இவை. 'மியூசிக் இடம்' என்று பெற்றோர் சொல்வது இதைத்தான்.

தமிழ்ப் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் சனிக்கிழமை காலையில் வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிற நம் வீடுகளில், இந்த வழியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. கேள்விப்பட்டவர்களும் "அது பியானோ கிரேடு (படிப்படியான தரத் தேர்வு) முடித்த பிள்ளைகளுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1998ஆம் ஆண்டின் பள்ளித் தரங்கள் மற்றும் கட்டமைப்புச் சட்டம், அரசுச் செகண்டரி பள்ளிகள் தங்கள் இடங்களில் அதிகபட்சம் 10 சதவீதத்தைக் குறிப்பிட்ட சில துறைகளில் பிள்ளைக்கு உள்ள ஆப்டிடியூட் (கற்றுக்கொள்ளும் இயல்பு) அடிப்படையில் நிரப்பலாம் என்கிறது. நிகழ்த்து கலைகள், காண்கலைகள், விளையாட்டு, நவீன வெளிநாட்டு மொழிகள் ஆகியவை அந்தத் துறைகள். இசை, நிகழ்த்து கலைகளுக்குள் வருகிறது. ஆண்டுக்கு 180 பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி என்றால் 18 இடங்கள், 240 என்றால் 24 இடங்கள் வரை போகலாம். இது மேல்வரம்புதான், இதைவிடக் குறைவாக வைக்கும் பள்ளிகளும் உண்டு, இப்படி ஓர் இடம்கூட வைக்காத பள்ளிகளே பெரும்பான்மை. லண்டனின் வடக்கு, வடமேற்குப் பகுதிகளிலும் அதை ஒட்டிய ஹெர்ட்ஃபோர்ட்ஷயரிலும் இந்த வழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. வாட்ஃபோர்ட் வட்டாரத்தில் வாட்ஃபோர்ட் கிராமர் ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, பார்மிட்டர்ஸ் போன்றவை இதற்குப் பேர்போனவை. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். ஆகவே எந்தப் பள்ளியானாலும் உங்கள் பிள்ளை சேரப்போகும் ஆண்டுக்கான சேர்க்கை விதிமுறையைப் பள்ளியின் இணையதளத்தில் எடுத்து வரிக்கு வரி படியுங்கள்.

ஆப்டிடியூட் என்று சட்டம் எதைச் சொல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளை இதுவரை எவ்வளவு கற்றுக்கொண்டது என்பது ஒன்று. கற்றுக்கொடுத்தால் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பது வேறு. பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்பு இரண்டாவதைத்தான் கேட்கிறது: அந்தத் துறையில் கிடைக்கும் கற்பித்தலால் பயன்பெறக் கூடிய பிள்ளை, அல்லது அதில் முன்னேறும் ஆற்றலைக் காட்டியிருக்கும் பிள்ளை. ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு வாரியத்தின் கிரேடு 5 சான்றிதழைக் காட்டினால் இடம், காட்டாவிட்டால் இல்லை என்று ஓர் அரசுப் பள்ளி விதி வைத்தால், அது ஆப்டிடியூட்டைப் பார்ப்பதாகாது. தேர்வுகள் தெளிவாகவும் நடுநிலையாகவும் இருக்க வேண்டும், பிள்ளை ஆணா பெண்ணா, என்ன இனம், உடற்குறை உண்டா என்பதெல்லாம் முடிவைப் பாதிக்கக் கூடாது என்றும் அதே விதித்தொகுப்பு சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது முக்கியமான வரி.

ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "அக்கா, பிள்ளை வீணைதான் பழகுறா. பியானோ ஒண்டும் தெரியாது. போடலாமோ?" தாராளமாகப் போடலாம். ஏன் என்று புரிய, தேர்வு அறையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

தேர்வு அறையில்

பெரும்பாலும் முதல் கட்டம் ஒரு கேட்டல் தேர்வு. ஒரு மண்டபத்தில் பல பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ஒலிப்பதிவு ஓடும். கையில் ஒரு விடைத்தாள். பாட வேண்டாம், வாசிக்க வேண்டாம், ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய இசைக்குறியீடு) படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம். காதால் கேட்டு, ஓர் எழுத்தையோ எண்ணையோ குறித்தால் போதும்.

இந்த வகைத் தேர்வுக்கு நூறாண்டு கடந்த வரலாறு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் சீஷோர் 1919இல் இசைத்திறனை அளக்கும் தொகுப்பு ஒன்றை ஒலித்தட்டில் வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அதிகம் செல்வாக்குப் பெற்றது ஆர்னல்ட் பென்ட்லி 1966இல் வெளியிட்ட தேர்வு. இன்று பள்ளிகள் தாங்களே தயாரிக்கும் தேர்வுகள் பலவற்றிலும் அவர் போட்ட சட்டகமே தெரியும். ஆகவே பென்ட்லி தேர்வைப் புரிந்துகொண்டால் மற்றவற்றையும் ஊகித்துவிடலாம். அதில் நான்கு பகுதிகள், மொத்தம் 60 கேள்விகள்.

முதல் பகுதி சுருதி. இரண்டு ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டாவது மேலே போனதா, கீழே வந்ததா, அதே இடத்தில் நின்றதா? 20 கேள்விகள். தொடக்கத்தில் வித்தியாசம் பெரிது: ஓர் அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி), அதாவது சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் இடையிலுள்ள தூரம். போகப்போகக் குறுகும். வினாடிக்கு 440 அதிர்வுகள் உள்ள ஒலியின் அருகில் 3 அதிர்வு வித்தியாசம்வரை இறங்கும். அரைச்சுரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அது. பெரியவர்கள் பலருக்கே அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும்.

அடுத்தது சுர நினைவு, 10 கேள்விகள். ஐந்து சுரங்கள் கொண்ட சிறு மெட்டு ஒன்று வரும். பிறகு அதே மெட்டு மீண்டும் வரும், ஒரு சுரம் மட்டும் மாறியிருக்கலாம். எத்தனையாவது சுரம் மாறியது? மாறவே இல்லை என்றால் அதையும் குறிக்க வேண்டும்.

மூன்றாவதில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும். அந்தச் சேர்க்கைக்குள் எத்தனை சுரங்கள் இருக்கின்றன, இரண்டா, மூன்றா, நான்கா? இதிலும் 20 கேள்விகள். கடைசிப் பகுதி லயம், 10 கேள்விகள். நான்கு அடிகள் கொண்ட ஒரு தாளக்கட்டு இரண்டு முறை வரும். எந்த அடியில் மாற்றம் என்று சொல்ல வேண்டும்.

இப்போது நம் பிள்ளையை அந்த மண்டபத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை போன்ற தொடக்கப் பயிற்சிகளில் ஒரு சுரம் நழுவினால் "இன்னொரு தடவை" என்று நிறுத்தும் ஆசிரியரிடம் பழகிய காது அது. தம்புராவின் சுருதியோடு குரலைச் சேர்க்கும் பயிற்சி முதல் பகுதிக்கு நேரடியாக உதவுகிறது. ஆசிரியர் பாட, அதைக் கேட்டுத் திருப்பிப் பாடும் நம் குருமுறைப் பயிற்சி இரண்டாம் பகுதிக்கு அப்படியே பொருந்துகிறது. தாளைப் பார்த்து வாசித்தே பழகிய பிள்ளையைவிட, கேட்டே கற்ற பிள்ளைக்கு இங்கே நினைவு நன்றாகக் கைகொடுக்கும் என்பது என் நம்பிக்கை. லயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே அடிக்குள் தக, தகிட, தகதிமி என்று மாற்றிச் சொல்லிப் பழகிய மிருதங்கப் பிள்ளைக்கு, நான்கு அடியில் எந்த அடி மாறியது என்று கண்டுபிடிப்பது தினசரி வேலை.

இடறும் இடம் மூன்றாம் பகுதி. கர்நாடக இசையில் சுரங்கள் வரிசையாகத்தான் நகர்கின்றன. மூன்று நான்கு சுரங்களை ஒன்றாக அடுக்கி ஒலிக்கவிடும் பழக்கம் அதில் இல்லை. சேர்ந்து ஒலிப்பது சுருதிப் பெட்டி மட்டும்தான். அதையும் நாம் பின்னணியாகக் கேட்கிறோமே தவிர, அதற்குள் எத்தனை சுரம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பியானோவில் இரண்டு கையாலும் வாசிக்கும் பிள்ளைக்கோ இது நாளாந்தம் கேட்கும் ஒலி. ஆகவே இந்த ஒரு பகுதியில் நம் பிள்ளை பின்தங்கினால் அதற்குப் பழக்கமின்மைதான் காரணம், காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே இதைச் சரிசெய்யலாம். ஆர்மோனியமோ கீபோர்டோ போதும், போனில் இலவசமாகக் கிடைக்கும் கீபோர்டும் போதும். பிள்ளையைத் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். ச, ப இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். "எத்தனை?" என்று கேட்காதீர்கள். "உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் கீழேயிருந்து பாடு" என்று சொல்லுங்கள். இரண்டையும் பிரித்துப் பாட வந்ததும் ச, க, ப என்று மூன்று. பிறகு மேல்ஸ்தாயி ச சேர்த்து நான்கு. இனிமையாகச் சேரும் சுரங்களில் தொடங்கி, பிறகு நெருக்கமாக உரசும் சுரங்களையும் கலந்து கொடுங்கள். பாடிப் பிரிக்கத் தெரிந்த காது விரைவில் பாடாமலே எண்ணத் தொடங்கும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளைக்கு அலுத்துவிடும். அலுத்த காது எதையும் கேட்காது.

இரண்டாம் பகுதிக்கு ஒரு சிறு உத்தி: ஐந்து சுரத்துக்கும் ஐந்து விரலை மடக்கிக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். தாளம் போட்டு விரல் எண்ணும் பிள்ளைக்கு இது புதிதல்ல. பல பிள்ளைகள் மாற்றத்தைக் கேட்டுவிடுகிறார்கள், ஆனால் அது மூன்றாவதா நான்காவதா என்பதில் குழம்பி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட தேர்வுகளில் கேள்வி பொதுவாக ஒரு முறைதான் ஒலிக்கும். போன கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போய்விடும். ஓர் ஊகத்தைக் குறித்துவிட்டு நகரப் பழக்குங்கள். பள்ளி மாதிரித் தேர்வை இணையத்தில் கொடுத்திருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

மாதக்கணக்கில் பணம் கட்டி இதற்கென்று டியூஷன் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இசைத் திறனறிதலில் நீண்டகாலம் ஆய்வு செய்த எட்வின் கார்டன், இசை ஆப்டிடியூட் ஏறத்தாழ ஒன்பது வயதில் நிலைபெற்றுவிடுகிறது, அதன்பிறகு பெரிதாக மாறுவதில்லை என்று கருதினார். அவர் சொன்னதை முழுக்க ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் பத்து வயதில் திணிக்கும் பயிற்சியைவிட, ஐந்து வயதிலிருந்து வீட்டில் பாட்டு இருந்தது என்பதற்குத்தான் எடை அதிகம் என்பது என் அனுபவத்துக்கும் ஒத்துப்போகிறது. தேர்வின் வடிவம் பழகும் அளவுக்குப் பயிற்சி இருந்தால் போதும்.

கேட்டல் குறைபாடு, டிஸ்லெக்ஸியா (எழுத்தை வாசிப்பதில் சிரமம்) போன்றவை பிள்ளைக்கு இருந்தால் பதிவு செய்யும்போதே பள்ளிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளும் எழுதக்கூடியதாகத் தேர்வு இருக்க வேண்டும் என்பது பள்ளியின் கடமை.

சில பள்ளிகள் கேட்டல் தேர்வோடு நிறுத்திக்கொள்ளும். வேறு சில, அதில் மேலே வந்தவர்களை ஆடிஷனுக்கு அழைக்கும். ஆயத்தம் செய்த ஒரு பாடல் அல்லது வாசிப்பு, ஆசிரியர் தட்டும் தாளத்தைத் திருப்பித் தட்டுவது, பாடும் வரியைத் திருப்பிப் பாடுவது என்று அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். எந்தக் கருவியானாலும் சரி, குரலானாலும் சரி என்று எழுதியிருக்கும் பள்ளிகள் உண்டு. விதிமுறையில் தெளிவாக இல்லை என்றால் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: வீணை வாசிக்கலாமா, சுருதிக்குப் போனைப் பயன்படுத்தலாமா, தரையில் அமர இடம் இருக்குமா. தயங்காமல் கேட்கலாம். எதை வாசிப்பது என்பதில் என் கருத்து, கஷ்டமான வர்ணத்தை இரண்டாம் காலத்தில் ஓட்டிக் காட்டுவதைவிட, பிள்ளை மகிழ்ந்து வாசிக்கும் ஒரு சிறு கீர்த்தனையின் பல்லவியும் அனுபல்லவியும் போதும். கேட்பவருக்கு ராகம் தெரியாமல் இருக்கலாம். சுருதி சுத்தமும் லயமும் பிள்ளையின் முகத்தில் தெரியும் ஈடுபாடும் எவருக்கும் புரியும்.

விண்ணப்பம்: இரண்டு தடம்

இங்கேதான் நல்ல காதுள்ள பிள்ளைகளும் இடத்தை இழக்கிறார்கள், பெற்றோருக்கு நடைமுறை தெரியாததால். இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்க வேண்டும்.

முதலாவது, தேர்வுக்குப் பள்ளியிடம் பதிவு செய்வது. இது பெரும்பாலும் இயர் 5இன் கோடைப் பருவத்திலேயே நடந்து முடிந்துவிடும். இயர் 6 தொடங்கியபின் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்குக் கதவு சாத்தியிருக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் தேதி வேறு. சில இடங்களில் பள்ளிகள் கூட்டாகச் சேர்ந்து ஒரே தேர்வை நடத்துகின்றன. தேர்வுக்கும் சேர்க்கைக்கும் அரசுப் பள்ளி கட்டணம் கேட்காது.

இரண்டாவது, நீங்கள் வசிக்கும் பகுதியின் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) தரும் பொது விண்ணப்பப் படிவம். பள்ளி வேறு கவுன்சிலில் இருந்தாலும் விண்ணப்பம் உங்கள் கவுன்சிலுக்குத்தான். கடைசி நாள் அக்டோபர் 31. லண்டனில் ஆறு பள்ளிகள்வரை வரிசைப்படுத்தலாம். இங்கிலாந்தில் எந்தக் கவுன்சிலானாலும் குறைந்தது மூன்று பள்ளிகளை எழுத இடம் தர வேண்டும். பள்ளி தன் துணைப் படிவம் ஒன்றையும் கேட்டால் அதையும் நிரப்ப வேண்டும். மியூசிக் தேர்வில் மிக நன்றாகச் செய்தும், பொதுப் படிவத்தில் அந்தப் பள்ளியின் பெயரை எழுதாவிட்டால் இடம் கிடையாது. தேர்வு முடிவை அக்டோபர் 31க்கு முன்பே பெற்றோருக்குத் தெரிவிக்க நியாயமான முயற்சிகள் அனைத்தையும் பள்ளி எடுக்க வேண்டும். அப்படி வரும் கடிதத்தில் இருப்பது மதிப்பெண்ணோ தரவரிசையோதான். இடம் உறுதி என்று அதற்குப் பொருளில்லை.

வரிசையில் எதை முதலில் போடுவது என்பதில் பெற்றோருக்கு இருக்கும் பயம் பெரியது. "மியூசிக் பள்ளியை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால், பக்கத்துப் பள்ளி நம்மை இரண்டாம் விருப்பம் என்று தள்ளிவிடுமே?" தள்ளாது. எல்லா விருப்பமும் சமமாகவே பார்க்கப்படும். நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதை வைத்துப் பள்ளி முடிவெடுக்க முடியாது. ஒவ்வொரு பள்ளியும் தன் விதிப்படி பிள்ளைகளை வரிசைப்படுத்தும். உங்கள் பிள்ளைக்கு இடம் தரக்கூடிய பள்ளிகளுள் நீங்கள் மேலே எழுதியது எதுவோ, அதைக் கவுன்சில் கொடுக்கும். ஆகவே மனத்தில் உள்ள வரிசையையே எழுதுங்கள். அந்தப் பட்டியலில் தூரக் கணக்குப்படி நிச்சயம் கிடைக்கக்கூடிய ஒரு பள்ளியும் இருக்கட்டும். இது மிக அவசியம்.

ஒரே பள்ளியில் உங்கள் பிள்ளை இசை வழியாகவும் தூரத்தின் வழியாகவும் ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்கப்படலாம். சில பள்ளிகள் மியூசிக் இடத்துக்கும் குறிப்பிட்ட அஞ்சல் குறியீடுகளுக்குள் வசிக்க வேண்டும் என்று கேட்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்தையும் யோசியுங்கள். பக்கத்தில் பொருத்தமான பள்ளி இருக்கும்போது தூரப் பள்ளியை நீங்களே தேர்ந்தெடுத்தால், போக்குவரத்துக்குக் கவுன்சிலின் உதவி பொதுவாகக் கிடைக்காது. பதினோரு வயதுப் பிள்ளை குளிர்கால இருட்டில் இரண்டு பேருந்து மாறி வீடு திரும்பினால் பயிற்சி செய்யத் தெம்பு இருக்குமா என்பதைப் பெற்றோர்தான் எடைபோட வேண்டும்.

தனியார் பள்ளிகளின் மியூசிக் ஸ்காலர்ஷிப்போடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே கேட்பது பெரும்பாலும் உயர்ந்த வாசிப்புத் திறன், கிடைப்பது கட்டணத்தில் ஒரு குறைப்பு. மான்செஸ்டரின் செத்தம்ஸ், புஷியிலுள்ள பர்செல், சரேயிலுள்ள யெஹுதி மெனுஹின் பள்ளி போன்ற இசைக்கென்றே உள்ள பள்ளிகள் இன்னொரு உலகம். அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்து அரசு உதவித்தொகை கிடைக்கிறது.

இந்த 10 சதவீத முறையே நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு பின்வாசல் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. தேர்வு ஆப்டிடியூட்டை விட்டு விலகி, வாங்கிய கிரேடுகளைப் பார்க்கத் தொடங்கினால் அந்தக் குற்றச்சாட்டு சரியே. அதனால்தான் விதிமுறையைப் படிப்பது முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு பள்ளியின் சேர்க்கை விதி சட்டத்துக்கு முரணாக இருக்கிறது என்று தோன்றினால், ஆண்டுதோறும் மே 15க்குள் பள்ளிகளின் நடுவர் அலுவலகத்தில் பெற்றோர் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கர்நாடக இசையை ஏற்காத ஆடிஷன் விதியை நீங்கள் கண்டால், முதலில் பள்ளிக்கு எழுதுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் இந்த வழி இருக்கிறது.

மார்ச் 1ஆம் தேதி, அல்லது அதற்கு அடுத்த வேலைநாளில், முடிவு வரும். விரும்பிய பள்ளி கிடைக்கவில்லை என்றால், கிடைத்த இடத்தை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை ஏற்பதால் மற்றப் பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் உங்கள் இடம் போய்விடாது. பட்டியலில் பெயர் தானாகச் சேருமா, நீங்கள் கேட்க வேண்டுமா என்பதைக் கவுன்சிலிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அந்தப் பட்டியலைக் குறைந்தது டிசம்பர் 31வரை பள்ளி வைத்திருக்க வேண்டும். மியூசிக் இடங்களுக்குத் தனிப் பட்டியல் இருந்தால் அதில் தேர்வின் தரவரிசைதான் பேசும். மேலே உள்ள ஒருவர் வேறு பள்ளிக்குப் போனால் அடுத்தவருக்கு அழைப்பு வரும். கோடை விடுமுறையிலும் வரலாம், எனவே மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருங்கள். சுயாதீனமான மேல்முறையீட்டுக் குழுவிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. அங்கே பேசும்போது பிள்ளை எவ்வளவு நன்றாகப் பாடும் என்பதோடு நிறுத்தாமல், அந்தப் பள்ளியில் உள்ள எது உங்கள் பிள்ளைக்குத் தேவை, வேறு பள்ளியில் அது ஏன் கிடைக்காது என்பதை விளக்குங்கள். இசை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம், ஆரம்பப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம், தேர்வின் மதிப்பெண் ஆகியவற்றை இணைத்து, கவுன்சில் சொல்லும் கடைசி நாளுக்குள் அனுப்புங்கள்.